அண்ணனின் மூன்றாவது தட்டு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசக் கூச்சம். “பேச வேண்டாம் தம்பி, நடந்தத எழுதிக் குடுங்க” என்று மதினி சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பிய ஊரில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தபோது அண்ணன் கோயம்புத்தூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அங்கே ஆபீஸ் கட்டடங்களின் முகப்பில் டெரகோட்டா ஓடு பதிக்கப் பழகினார். செங்கல் நிறத்தில், அதைவிட மெல்லியதாகச் சுட்ட மண் ஓடு அது. சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்து தனியாக வேலை எடுத்ததும் என்னையும் சேர்த்துக்கொண்டார். எங்கள் இரண்டு குடும்பமும் அதில்தான் நிமிர்ந்தது.

ஓடுகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுத்தான் பதிக்க வேண்டும் என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருப்பார். “காஞ்ச ஓடு சாந்துல உள்ள தண்ணியக் குடிச்சிரும்லே. ஒட்டுன மாதிரி நடிக்கும். பொறவு ஒரு நாளு யார் தலையிலயாவது எறங்கும்” என்பார். சாந்து இறுகிய பிறகு ஒவ்வோர் ஓட்டையும் நான் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவேன். அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்பார். கெட்டியாகக் கேட்டால் அவர் ஒரு தட்டுத் தட்டுவார். அந்த மூன்றாவது தட்டு விழுந்தால் ஓடு சரி. பொள்ளென்று கேட்டால் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கழற்றச் சொல்வார்.

அண்ணன் கடைசியாக முடித்தது எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் முகப்பு. மேல் வரிசையில் வடக்கிலிருந்து ஏழாவது ஓடு என் கையில் உடைந்தது. ஊறிய ஓடு தீர்ந்துபோயிருந்தது. காய்ந்த ஓடு ஒன்றை எடுத்து அப்படியே பதித்துவிட்டேன். தட்டிப் பார்க்கும் நாளில் அதை மட்டும் தாண்டிப் போனேன். அண்ணன் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். சாரம் பிரித்துவிட்டார்கள். அந்த ஓட்டுக்கு நேர் கீழேதான் மண்டப வாசல். மாப்பிள்ளை அழைப்புக்குச் சனம் கூடி நிற்கும் இடம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஓடு வெட்டும் தூசி அண்ணனின் நெஞ்சில் இறங்கியிருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். அண்ணனும் தலையைச் சாய்த்துக் கேட்டார். “கீழ் வரிச சத்தம் சரியில்லையே டாக்டர். தண்ணி நிக்கோ?” என்றார். டாக்டர் கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார். படம் எடுத்ததில் அண்ணன் சொன்ன இடத்திலேயே நீர் நின்றது.

கடைசி நாள் மத்தியானம், அண்ணன் கட்டிலை ஒட்டிய சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு.

“என்னண்ணே?” என்றேன்.

“ஏழாவது,” என்றார். “அத நீ தட்டலயேலே.”

அதுதான் அவர் கடைசிப் பேச்சு. சாயங்காலம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மண்டபத்து வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். வெயில் தாழ்ந்ததும் முகப்பில் தட்டுகிற சத்தம் கேட்கிறதாம். “அணிலுன்னு நெனச்சேன். அணிலு எண்ணிக்கிட்டா தட்டும்? ரெண்டு தட்டு, பொறவு சும்மா கெடக்கு, திரும்ப ரெண்டு” என்றார். வெயிலில் விரிந்த ஓடு சுருங்கும்போது சத்தம் வரும் என்று சொன்னேன். “ஒங்க அண்ணன் ஒட்டுன ஓடுல்லா, சுருங்குனாலும் ஒழுங்காத்தான் சுருங்கும்” என்று சிரித்தார். அன்றே போய் வாசலில் நின்றேன். இரண்டு தட்டு. பிறகு, பதிலுக்குக் காத்திருப்பது போல ஓர் இடைவெளி.

நேரே மண்டபக்காரரிடம் போனேன். மேலே விரலைக் காட்டி, நான் செய்த தவறை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் மறுநாளே வாசலைக் கயிறு கட்டி அடைத்து, சாரம் போட்டுத் தந்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஏறி, ஆறு ஓடுகளைத் தட்டினேன். எல்லாம் கெட்டி. ஏழாவது ஓட்டில் சாக்பீஸ் வட்டம் இருந்தது. அந்த உயரத்துக்கு யாரும் ஏறி அப்போதே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐப்பசி மழை முழுக்க அந்தச் சுவரில்தான் அடித்திருந்தது. தொட்டேன், விரலில் பொடி ஒட்டியது. உளி வைக்கவே இல்லை. ஓடு தானாகச் சாய்ந்து என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

புது ஓட்டை ஊறவைத்துப் பதித்தேன். நான்காம் நாள் காலை ஏறி இரண்டு தட்டுத் தட்டினேன். கெட்டியாகத்தான் கேட்டது. இறங்கிக் கால் தரையில் பட்டபோது, மேலே ஒரு தட்டுக் கேட்டது. ஒன்றே ஒன்று.

வாட்ச்மேன் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து, “மேல யாருவே நிக்கா?” என்றார். யாரும் இல்லை. அதன் பிறகு அங்கே சத்தம் கேட்டதில்லை.

அண்ணனைக் கடைசிவரை கையில் தாங்கிய மதினிக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்த புளியங்குடிச் சொந்தங்களுக்கும், வாட்ச்மேன் அண்ணாச்சிக்கும், என்மேல் கோபப்படாத மண்டபக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. அன்று சாரத்தடியில் நின்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணே, கேட்டது.