ஆறாவது நூல்

கேரவன் வண்டிகளை வாடகைக்கு விடும் அந்த யார்டில் அவரை எல்லோரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அங்கே தண்ணீர் வேலை. இருபத்திரண்டு வண்டிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு டேங்க், ஒரு பம்ப், ஒரு ஹீட்டர், இவற்றை இணைக்கும் விரல் தடிமன் பைப்புகள். குழாயில் தண்ணீர் விக்கி விக்கி வந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது. குழாயெல்லாம் மூடியிருந்தும் பம்ப் தானாக முனகினால் எங்கேயோ கசிகிறது. வண்டிக்குள் ஏறி இரண்டு நிமிஷம் நின்றாலே அவருக்கு விளங்கிவிடும். வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டால், "அதுக்கு யாரு சம்பளம் தர்றா?" என்பார்.

பனிக்காலத்தில் பைப்பில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். அதனால் குளிர் தொடங்கும் முன்பே எல்லா வண்டியிலும் தண்ணீரை வடித்துவிட்டு, வண்டிக்கு ஆறு வால்வுகளைத் திருப்பிவைப்பார். திருப்பிய ஒவ்வொரு வால்விலும் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. வெயில் வந்ததும் வால்வைப் பழையபடி திருப்பிவிட்டு நூலை வெட்டுவார். சட்டைப் பைக்குள் ஆறு நூல் வந்துவிட்டால் வண்டி தயார். எழுதிவைக்கும் பழக்கமே கிடையாது. "காகிதம் பொய் சொல்லும், நூல் சொல்லாது" என்பார். யார்டில் யார் சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு கட்டளை உண்டு: சிவப்பு நூல் கட்டிய எதிலும் கை வைக்கக் கூடாது. பார்க்க அழகாக இல்லை என்று ஒரு நூலை அவிழ்த்த பெயின்டர், வாங்கிய திட்டில் அந்த வண்டிப் பக்கமே அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த ராஜ்யத்தில் அவருடைய கணவரின் தம்பியும் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாற்பது வயது. மூன்று இடத்தில் வேலை போய், அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்தவன். முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தது அக்காதான். அதை வாரம் ஒருமுறையாவது அவனுக்கு நினைவுபடுத்தவும் செய்தார். இந்த வேலையும் போனால் மாடி அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லிவைத்ததும் அவரே.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. வண்டி கிளம்பும் முன் டேங்கை நிரப்பி, பம்பைப் போட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் ஒரே சீராக வரும்வரை நிற்க வேண்டும். அப்போதுதான் ஹீட்டர் நிறையும். வெறும் ஹீட்டரில் சுவிட்சைப் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் கருகிவிடும். அவனோ நிற்பதையே தண்டனையாக நினைப்பவன். பாதியில் நழுவி இரண்டு தடவை மாட்டிக்கொண்டான். மூன்றாவது தடவை நடந்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழாம் நம்பர் வண்டி, நான்கு நாள் பாக்கி இருக்கும்போதே திரும்பி வந்தது. கைக்குழந்தையோடு போன குடும்பம்.

"சுடுதண்ணிக் குழாய்ல பச்சைத் தண்ணிதான் வருது. தீஞ்ச வாடை வேற. குழந்தைய எப்படிங்க குளிப்பாட்டுறது?" என்றார் குழந்தையின் அப்பா. அவர் சத்தம் போடவில்லை. முதலாளிக்கு அதுவே இன்னும் சங்கடமாக இருந்தது.

முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா யோசிக்கவே இல்லை.

"காத்து போறவரைக்கும் நின்னிருக்க மாட்டான் சார். வேற என்ன?"

"நின்னேன் அண்ணி," என்றான் அவன்.

"நீ நின்ன லட்சணம் எனக்குத் தெரியாதா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான். சாயங்காலம் ஆபீசுக்கு வந்து வேலைநீக்க லெட்டரை வாங்கிக்கொண்டு போகும்படி முதலாளி அவனிடம் சொன்னார்.

கருகிய காயிலை மாற்ற அக்கா வண்டிக்குள் ஏறினார். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு, அதற்குப் பின்னால் ஹீட்டர். கதவைத் திறந்து டார்ச் அடித்தார். தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் நேராகக் குழாய்க்கே திருப்பிவிடும் வால்வு, பனிக்காலத்துக்காக எப்படித் திருப்பிவைத்தாரோ அப்படியே இருந்தது. அதில் சிவப்பு நூலும் இருந்தது.

அந்த வால்வு அப்படி இருந்தால் ஹீட்டருக்குள் ஒரு சொட்டும் போகாது. சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் மட்டும் ஜோராக வரும். அவன் நாள் முழுக்க நின்றிருந்தாலும் காயில் கருகித்தான் இருக்கும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

எப்போது விட்டுப்போனது என்பதும் ஞாபகம் வந்தது. ஐந்தாவது நூலை வெட்டும்போது வெளியே ஹோஸ் பைப் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவனைத் திட்டுவதற்காக இறங்கிப் போனார். திட்டு அரை மணி நேரம் நீண்டது. திரும்பி வந்தவர், வேலை முடிந்துவிட்ட நினைப்பில் வண்டியைப் பூட்டிவிட்டார். பையில் இருந்த நூலை எண்ணவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனை எழுந்து நின்று பக்கத்தில் இருந்தவனைக் கைகாட்டியதுதான் புதிது.

நூலை வெட்டினார். வால்வைத் திருப்பினார். காயிலை மாற்றினார். சுடுதண்ணீர் வந்தது. பார்த்த ஆள் யாரும் இல்லை. நூல் சட்டைப் பைக்குள் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தப்பு இல்லை என்பதைத் தவிர அவரிடம் வேறு பெருமை இல்லை. மாடி அறையிலிருந்து அவன் பெட்டியோடு இறங்குவதையும் நினைத்துப் பார்த்தார்.

ஆபீசில் முதலாளி லெட்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் சுவரோரம் நின்றான். அக்கா நூலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏழாம் நம்பர் ஹீட்டர் வால்வுல இருந்துச்சு சார்."

"யாரு விட்டது?"

"இந்த யார்டுல சிவப்பு நூல் கட்டுறது யாரு? நான்தான் விட்டேன். அவன் நின்னிருக்கான்."

முதலாளி லெட்டரைக் கிழித்தார். "நீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு திட்டுத் திட்டியிருந்தாலே தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா அவனை நிறுத்தினார்.

"காலைல என்னமோ சொல்ல வந்தியே. அந்த நூல நீ பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. வண்டி கிளம்புன அன்னிக்கு, கட்டிலுக்கு அடியில அந்தச் சின்னக் கதவத் தொறந்து தொடைக்கும்போதே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உங்க நூல்ல கை வெக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. ஏதோ காரணமாத்தான் விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"இன்னிக்குக் காலைலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சொன்னா, தப்பிக்கிறதுக்காக நானே கட்டி வெச்சேன்னு சொல்லியிருப்பீங்க."

அது அக்காவுக்கும் தெரியும். அப்படியேதான் சொல்லியிருப்பார்.

மறுநாள் முதல் யார்டில் ஒரு புது ஏற்பாடு வந்தது. அக்கா முடித்த வண்டியை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியே விட வேண்டும். அந்த இன்னொருவராக அவனைக் கேட்டு வாங்கியது அக்காதான். வண்டிகளில் பாதி இன்னும் நூல் வெட்டாமல் நின்றன. பதினோராம் நம்பரை முடித்துவிட்டு, அக்கா பையில் இருந்த நூலை அவன் உள்ளங்கையில் போட்டார். அவன் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினான்.

"அஞ்சுதான் இருக்கு அண்ணி."

"நல்லா எண்ணுனியா?"

"எண்ணிட்டேன். அஞ்சு."

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்குள் ஏறினார்.