லேடீஸ் வண்டி

எனக்கு வண்டி வேண்டும் என்று வீட்டில் நான் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமைக்குள் எந்த வண்டி என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நான் இல்லை. அப்பாவும் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் நான்கு பேரும். மைன்ஸ் கேண்டீனில் டீயைக் குடித்துக்கொண்டே, என் கால் எதில் எட்டும், என் கை எதைத் தாங்கும், எனக்கு எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்பது வரை பேசி முடித்திருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இது வழக்கம்தான். யார் வீட்டில் வண்டி எடுத்தாலும் ஷிப்ட் ஆட்கள் கூடித்தான் சொல்வார்கள். அதனாலேயே எங்கள் பிளாக்கில் எந்தக் குவார்ட்டர்ஸ் வாசலைப் பார்த்தாலும் ஒரே வண்டி நிற்கும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் திரும்பும்போது நாலு வண்டியில் சாவியைப் போட்டுப் பார்த்துத்தான் சொந்த வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். மைலேஜ் எவ்வளவு, ஸ்பேர் கிடைக்குமா, பக்கத்து மெக்கானிக்குக்குக் கைப்பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. குவார்ட்டர்ஸில் ஏறினால் மைன்ஸ் கேட், மைன்ஸ் கேட்டில் ஏறினால் குவார்ட்டர்ஸ். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், நினைத்த இடத்தில் எல்லாம் வேகத்தடை. அப்பா முப்பது வருஷம் வண்டி ஓட்டியதும் இந்த ரோட்டில்தான். டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் அவருக்குப் பஸ்.

நான் போக வேண்டியது சேத்தியாத்தோப்பு. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரும் சர்க்கரைக்காரர்கள் காலை ஆறரைக்கே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பண்ருட்டியிலேயே நிரம்பி வரும் பஸ்ஸுக்கு ஆர்ச் கேட்டில் நிற்க மனசு வந்தால் உண்டு. இல்லையென்றால் கண்டக்டர் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதமாகப் போனேன். நிலையத்தை நடத்தும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு வாட்டி லேட்டா வந்தீங்கன்னா நான் உள்ளூர்லயே ஆள் பாத்துக்குறேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? அந்த வேலைக்காக நான் இரண்டு வருஷம் படித்திருந்தேன். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்து என்ன பேச்சு தொடங்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

படித்த அந்த இரண்டு வருஷமும் கல்லூரிக்குப் போகும் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து நான் பார்த்தது இந்தச் சேத்தியாத்தோப்பு ரோட்டைத்தான். வடலூர் தாண்டினால் ஒரு பக்கம் நாலு வழிச் சாலைக்குத் தோண்டிப் போட்டிருப்பார்கள், மறுபக்கம் பழைய ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி, டிப்பர், அகலத்துக்குப் பிதுங்கிக்கொண்டு வரும் கரும்பு டிராக்டர், இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பறக்கும் பஸ். சின்னச் சக்கர வண்டிக்காரர்கள் பள்ளத்தில் இறங்கி ஹேண்டில் வெட்டித் தடுமாறுவதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்ப்பேன். அதனால் எனக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பெரிய சக்கரம், கொஞ்சம் எடை, முந்த வேண்டிய இடத்தில் முந்துகிற இன்ஜின், அழுத்திப் பிடித்தாலும் வழுக்காத ஏபிஎஸ் பிரேக். கியர் வண்டிக்கான லைசென்ஸ் கல்லூரியிலேயே எடுத்து வைத்திருந்தேன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷிப்டில் போய்ச் சொன்னார். அங்கிருந்து பதில் வந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா அம்மாம் பெரிய வண்டி? சாஞ்சா நிமித்த முடியாது. ஸ்கூட்டி போதும்னு சொல்றாங்க. நாளைக்குக் கல்யாணம் ஆனா மாப்ள பைக் வச்சிருக்கப் போறாரு."

இன்னும் பார்க்காத, பெயர் கூடத் தெரியாத ஒரு மாப்பிள்ளையின் பைக்கை நம்பி நான் தினமும் அந்த ரோட்டில் போக வேண்டுமாம்.

ஷோரூமிலும் இதே கதைதான். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் விற்பனையாள் அப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார். பைக் பக்கம் நான் நகர்ந்தபோது, "லேடீஸ் வண்டி இந்தப் பக்கம் இருக்குங்க மேடம்" என்று கையைக் காட்டினார். ஹைவேயில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். பின்னால் இருக்கும் சந்தில் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம் என்றார். சந்தில் என் பாட்டியம்மா கூட ஓட்டுவார். அன்றைக்கு எதுவும் வாங்காமல் முறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

கடைசியில் நானே சொன்னேன். "எதிர் வூட்டு அக்கா ஸ்கூட்டியக் கேட்டு வாங்கறேன். ஞாயித்துக்கெழம நீங்க பின்னாடி ஒக்காருங்க. சேத்தியாத்தோப்பு போயிட்டு வருவோம். அதுக்கப்புறமும் நீங்க ஸ்கூட்டின்னு சொன்னா, ஸ்கூட்டியே எடுக்கறேன்."

அப்பா சிரித்தார். "அதுக்கென்ன, போலாம் வா" என்றார்.

நான் வேலைக்குப் போகும் அதே நேரத்துக்குக் கிளம்பினோம். அப்பா மைன்ஸ் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். சுரங்கத்தில் தலையில் கல் விழாமல் இருக்கக் கொடுத்த மஞ்சள் தொப்பி அது. தாடையில் பட்டை கூடக் கிடையாது. டவுன்ஷிப்பில் பாதிப் பேர் வண்டியிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், யாரும் கேட்பதில்லை. "அது வேணாம்ப்பா, தம்பியோடத எடுத்துக்குங்க" என்றேன். "இதப் போட்டுக்கினுதான் இத்தன வருசம் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

வடலூர் வரை பேசிக்கொண்டே வந்தார். இந்தத் தோப்பு யாருடையது, இந்தக் கல்யாண மண்டபம் எப்போது வந்தது என்றெல்லாம். வடலூர் தாண்டியதும் பேச்சு குறைந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் வந்தது. அதற்கு முன்னால் விரைந்து போக எங்களுக்கு வேகமும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் இரண்டு பேர் எடையோடு வண்டி முக்கிக்கொண்டிருந்தது. பஸ் எங்களை உரசுகிற மாதிரித் தாண்டியபோது அடித்த காற்றில் ஸ்கூட்டர் ஒரு முழம் இடது பக்கம் போனது. அப்பாவின் தொப்பி பறந்தது. பின்னால் வந்த டிப்பர் அதன் மேல் ஏறிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பாவின் பத்து விரலும் என் தோளில் பதிந்திருந்தன. சேத்தியாத்தோப்பு வரை அவர் பிடியை விடவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இப்போதாவது புரிந்திருக்கும் என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருந்தேன்.

"நான் பஸ்ல வந்துடறேம்மா" என்றார். "ஹெல்மெட் இல்ல பாரு. போலீஸ்காரன் புடிச்சான்னா வம்பு."

"அப்ப நான்?"

"நீதான் ஹெல்மெட் போட்டிருக்கியே. ஓரமாவே மெதுவா வா."

சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் அதற்கு முன்பு யார் மீதும் வந்ததில்லை. அவருக்கு ஆகாத வண்டியை, அவருக்கு ஆகாத ரோட்டை, என் தலையில் கட்டிவிட்டு அவர் ஜன்னலோரம் சீட்டு பிடித்துக்கொண்டார்.

அந்தப் பஸ் புறப்படும் முன்பே நான் கிளம்பி, ஓரமாகவே மெதுவாகத்தான் போனேன். பாதி வழியில் ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்து விரட்டியது. எதிரே கரும்பு டிராக்டர். தாரை விட்டு மண்ணில் இறக்கினேன், சின்னச் சக்கரம் புதைந்து, காலை ஊன்றி எப்படியோ விழாமல் நின்றேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தாண்டியபோது நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அவர் ஷிப்ட் நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நல்லாவே ஓட்டுறா. மெதுவா போனா ஒண்ணும் பயமில்ல."

நான் எதிர் வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுக்கப் போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் கத்தியிருப்பேன். மறுநாள் வேலை முடிந்ததும் தனியாகவே ஷோரூமுக்குப் போனேன். அதே விற்பனையாள், "அப்பா வரலீங்களா மேடம்?" என்றார். "ஓட்டப் போறது நானு, எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன். அந்த வார இறுதியில் என் சம்பளத்தைக் காட்டித் தவணையில் எடுத்த நூற்று அறுபது சிசி பைக்கை நானே ஓட்டிக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினேன்.

அப்பா வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரக் கேட்டு இத எடுத்த?"

"போயிட்டு உசுரோட திரும்பி வர வேண்டியவளக் கேட்டு எடுத்தேன்" என்றேன்.

அவர் பதிலுக்காக நிற்காமல், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.