அவன் ஜெயித்த நூலகம்

தொண்ணூறுகளின் கடைசியில் அல்சூர் பக்கம் ஒரு பொது நூலகம் கட்ட வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். நான் ஆர்க்கிடெக்சர் முடித்து, ஓர் அலுவலகத்தில் அடுத்தவர் கட்டடங்களுக்குக் கழிப்பறை வரைந்துகொண்டிருந்தேன். மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து அந்த மனைக்கு நடந்தே போகலாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் வரைந்த கட்டடத்துக்குள் அம்மாவைக் கூட்டிப் போய் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

என்னோடு படித்த, பங்களா வீட்டு ரிச்சர்ட்ஸ் டவுன்காரனும் கலந்துகொண்டான். எதையும் கடைசி வாரத்தில்தான் தொடுவான். அப்படியும் நன்றாக வரும்.

போட்டி விதிகளை நான் கேள்வித்தாள் மாதிரி படித்தேன். இரண்டு மாடி, வாசிப்பு அறை, முன்னால் கார் நிறுத்த இடம். எல்லாம் கேட்ட அளவில் கொடுத்தேன். மனை நடுவே பெரிய தூங்குமூஞ்சி மரம். அது போனால்தான் கார் நிற்கும். வரைபடத்தில் வெட்டிவிட்டேன்.

அவன் கார்களை விட்டுவிட்டு மரத்தை வைத்துக்கொண்டான். அதைச் சுற்றி வட்டமாக, தாழ்ந்த ஓட்டுக்கூரையோடு ஒற்றைத் தளம். பரிசு அவனுக்கு.

"பார்க்கிங்கே இல்லையேடா, எப்படிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"கேள்வியே தப்பு மச்சா. அதான் மாத்திட்டேன். நீ இன்னும் எக்ஸாம் எழுதிட்டிருக்கே குரு."

எங்கள் வீட்டில் முத்திரை வைத்த காகிதத்தோடு யாரும் வாதாடியதில்லை. கேள்வியை மாற்றலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் எரிந்தது.

கட்டடம் எழுந்தது. அதன் பிறகு கோலார், தும்கூர் என்று எந்த ஊர் அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாலும் அந்த நூலகம் மாதிரியே வேண்டும் என்றார். தாலுகா ஆபீசுக்கு வட்டம், பஸ் ஸ்டாண்டுக்கு வட்டம். மரமே இல்லாத மனைகளில் நடுவே ஒரு மரத்தை நானே வரைந்து வைத்தேன். என் கையால் அவன் மரம்.

ஒரு நாள் அம்மாவை அந்த நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். நிழலில் கற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"நல்லா காத்து வருதுடா. யாரு கட்னது?"

"என்கூடப் படிச்சவம்மா."

"அப்டியா? ஞாயித்துக்கெழம வூட்டுக்கு இட்டுனு வா. கறி ஆக்கிப் போடறேன்."

சரி என்றேன். கூப்பிடவில்லை.