செண்பகம் வாங்கிய விருது

செண்பகத்துக்கு மூட்டுவலி. அலுவலகத்தின் மூன்று படிகளை ஏறுவதற்குள் முருகா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் வெள்ளத்தில் கப்பல் ஏறிச் சரக்குக் கொடுத்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தூத்துக்குடியில் ஒரு வியாபாரிகள் சங்கமே நம்பியது.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, இறைச்சி கொடுப்பது அவர்கள் குடும்பத் தொழில். தொடங்கியவர் கணவர் வீரபாகு. ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போனபோது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆறுமுகநேரியில் அண்ணன் வீட்டோடு போய் இருக்கச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். செண்பகம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஆண்களோடு மல்லுக்கு நின்று காய் வாங்கினாள். ஆனால் கப்பலில் மட்டும் அவள் கால் வைத்ததில்லை. நம் வீட்டுப் பெண்கள் கப்பல் ஏறக் கூடாது என்பது வீரபாகு போட்ட சட்டம். ஆள் போன பிறகும் சட்டம் போகவில்லை.

மகன் சுடலைக்கண்ணன் தங்கமான பையன். கப்பல் ஏணியைப் பார்த்தால் மட்டும் தலை சுற்றிவிடும். மருமகள் பிரேமாவுக்கு அந்தக் கோளாறு இல்லை. கப்பல் சமையல்காரரை நேரில் பார்த்துக் குறை கேட்டால்தான் அடுத்த ஆர்டர் வரும் என்று துறைமுக அனுமதி அட்டை வாங்கி, அவளே ஏறத் தொடங்கினாள். செண்பகம் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்.

"ஏறு. ஆனா வெளிய மூச்சு விடாத. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

அன்றிலிருந்து ஊருக்குத் தெரிந்த பிரேமா கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். கப்பலுக்குப் போகிறவன் சுடலைக்கண்ணன்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில் அவன் ஓட்டப்பிடாரத்தில் மாட்டிக்கொண்டான். மறுநாள் புறப்பட வேண்டிய கப்பலில் இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கச் சரக்கு இல்லை. பிரேமா மூட்டைகளை டிராக்டரில் ஏற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் துறைமுகம் போய், காற்றில் ஆடிய ஏணியில் ஏறிக் கொடுத்துவிட்டு வந்தாள். கேப்டன் நன்றிக் கடிதம் எழுதினார், நிறுவனத்தின் பெயருக்கு. செண்பகம் அதைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினாள்.

போன மாதம் சங்கத் தலைவர் கிருபாநிதி அண்ணாச்சி வந்தவர் கடிதத்தை வாசித்தார். சுடலை அப்போது ஊரில் இல்லையே, அப்படியானால் போனது யார் என்று கேட்டார். பிரேமா என்று சொன்னால் நாலு வருஷ ரகசியம் போச்சு. செண்பகம் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் அண்ணாச்சி."

மருமகள் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் சொன்னாள். அதில் பொய்யில்லை. ஆனால் அண்ணாச்சி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டபோது அவளுக்கு உள்ளே இனித்தது. அந்த இனிப்பைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து மேஜையில் பிரேமாவின் விரல்கள் கொஞ்சம் நின்று, மறுபடி தட்டத் தொடங்கின.

சங்க ஆண்டு விழாவில் சாதனைப் பெண் விருது, சால்வை, கேடயம். மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் ஏறினாள். முதல் வரிசையில் சம்பந்தி வீட்டார், பிரேமாவைப் பெற்றவர்கள், மகள் கப்பல் ஏறுவது தெரியாமல் கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிரேமா தட்டில் குழம்பு ஊற்றும்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் பிரேமா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏளா, உனக்கு வர வேண்டியத நான் வாங்கிட்டேன். என்னைய நாலு வார்த்தை ஏசிரு."

"எதுக்கு அத்தை? இதுவும் நல்லதுதான். இனிமே நான் ஏறுனாலும் நீங்க ஏறுனதாச் சொல்லிக்கிடலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். ஏசியிருந்தால் செண்பகம் தாங்கியிருப்பாள். இந்தப் பெண்ணை இப்படி யோசிக்கப் பழக்கியது தன் வாய்தானே என்று அவளுக்கு உறைத்தது. அங்கேயே போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். கப்பல் ஏறியது தான் இல்லை, மருமகள்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். விருதைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள். அண்ணாச்சி உருகிப்போய், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாமியாரா என்றார்.

மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவள் படம் வந்தது. தன் சாதனையை மருமகளுக்கு விட்டுக்கொடுக்கத் துணிந்த பெருந்தன்மை என்று கீழே எழுதியிருந்தார்கள். படத்துக்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள்.

செண்பகம் போனை நீட்டினாள். பிரேமா முழுக்க வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மொதல்ல சொன்னதத்தான அத்தை நம்புவாங்க," என்றாள். பிறகு கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.