இரவல் கருகமணி

என் கணவரின் குடியேற்ற விசா நேர்காணலுக்கு மனு போட்ட நானும் உடன் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து புனேவுக்கு வந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் அவருக்குத் துணையாக என்று சொன்னேன். உண்மையில் பயந்துபோய்த்தான் வந்தேன்.

எனக்கு ஐம்பது வயது. அவர் என்னைவிட மூன்று வயது இளையவர். என் முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது. அவருடைய முதல் மனைவி நோயில் இறந்துவிட்டார். நான் கோயமுத்தூரில் பிறந்து, கணக்குத் தணிக்கை வேலைக்காக அமெரிக்கா போய், அங்கேயே குடியுரிமை வாங்கியவள். அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், அவருடைய அப்பா காலத்திலேயே புனேவில் தங்கிவிட்டது. அவருக்கு சிஞ்ச்வட்டில், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, மாலை மாற்றிக்கொண்டோம். தாலி கட்டவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் நான். பிறகு நான் விமானம் ஏறினேன். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, விடுப்பு கிடைக்கும்போது மட்டும் எங்கள் குடித்தனம்.

புறப்படுவதற்கு முன்பு எங்கள் கோப்பை யாரோ ஒருவருடைய கோப்பைப் போல எடுத்துப் படித்துப் பார்த்தேன். வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள, வயதில் மூத்த பெண். உள்ளூரில் மனைவியை இழந்த ஆண். உறவினர் கூட்டம் இல்லாத கல்யாணம். சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் குறைவு. தணிக்கையில் என் மேசைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் சந்தேகப்பட்டு அதைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

கல்யாணச் செய்தியைச் சொன்ன அன்று கோவையிலிருந்து என் சித்தி மகள் போனில் கேட்டாள்: "அந்தாளு கட்டுனது உன்னையா, உன்ற பாஸ்போர்ட்டையா?" சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. விசா கிடைக்காமல் போய்விடுமோ என்பது ஒரு பயம். எத்தனையோ பொய்களைப் பார்த்துப் பழகிய ஒரு அதிகாரி, நான் பார்க்கத் தவறிய எதையாவது என் கணவரிடம் பார்த்துவிடுவாரோ என்பது இன்னொரு பயம். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை. நாட்குறிப்பில்கூட எழுதவில்லை.

நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை, புனேவின் விஷ்ராந்த்வாடியில் அவருடைய வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருக்கும் என் நாத்தனார் வந்தார். கல்யாணப் புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"அரே, இது என்ன கல்யாண போட்டோ? ரேஷன் லைன்ல நிக்கற மாதிரி நிக்கறீங்க ரெண்டு பேரும்."

அவருக்குத் தெரிந்த ஒரு பெண், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் நேர்காணலுக்குப் போனாளாம், அதனாலேயே விசா கிடைக்கவில்லையாம். யார் அந்தப் பெண், எந்த ஊர் என்று விசாரித்தேன். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது வெறும் வதந்தி என்று எனக்குப் புரிந்தது. இருந்தும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

விடிவதற்கு முன்பே மும்பைக்குக் கிளம்பினோம். என் கணவர் காரை எடுக்க முதலில் இறங்கிப் போயிருந்தார். லிப்ட் வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். இங்கே பல பெண்களிடம் இருப்பது போல அவரிடமும் மராத்தியர் தாலியான மங்கள்சூத்ரா இரண்டு உண்டு. விசேஷத்துக்கு நீளமானது, அன்றாடத்துக்குக் குட்டையானது. அதற்கு உள்ளே நம் தமிழ்த் தாலி தனியாக. அந்தக் குட்டைக் கருகமணிச் சங்கிலியைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"அரே, இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கோ. சாயங்காலம் வாபஸ் குடுத்துடு."

"வேண்டாங்க அக்கா," என்றேன்.

"பயமா இருக்கா இல்லியா, சொல்லு."

இருந்தது. தலையைக் குனிந்தேன். அவரே கொக்கியை மாட்டிவிட்டார். நான் துப்பட்டாவை இழுத்து மேலே விட்டுக்கொண்டேன்.

காரில் போகும்போது என் கணவரிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தேன். என் அலுவலகத்தின் பெயர், என் தம்பி என்ன வேலை செய்கிறான், கடைசியாக நாங்கள் எங்கே போனோம். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, "அரே, போதும். டிரைவிங் டெஸ்ட்டே இவ்வளவு கஷ்டமா இல்லே," என்றார். சாலையிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை.

மும்பையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நான் செய்திருந்த பிழை எனக்கு உறைத்தது. பதிவு அலுவலகம், சிம்மகட் கோட்டை, அவருடைய பிறந்தநாள் என்று நாங்கள் கொடுத்திருந்த அத்தனை படங்களிலும் என் கழுத்து வெறுமையாக இருந்தது. கோப்பில் எங்கேயும் இல்லாத ஒரு பொருளை நானே கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் என் வேலையில் தேடிக்கொண்டிருப்பேன்.

கழற்றிவிடலாம் என்று கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். மேலே கேமரா இருந்தது. தூணோரம் காவலர் ஒருவர் எங்கள் வரிசையைப் பார்த்தபடி நின்றார். நேர்காணலுக்குக் காத்திருக்கும்போது தாலியைக் கழற்றும் பெண்ணை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

என் கணவரின் எண் வந்தது. கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் போய் நின்றார். எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி இளம்பெண். படங்களைப் புரட்டினார், ஒன்றில் நிறுத்தி ஏதோ கேட்டார். என் கணவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு கையைத் தன் கழுத்தருகே கொண்டுபோய்க் காட்டினார். என்ன கேள்வி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னை அழைத்தார்கள்.

நடக்கும்போது துப்பட்டா நழுவியது. அதிகாரியின் பார்வை நேராக என் கழுத்துக்கு வந்து அங்கேயே நின்றது. இதைத் தினமும் அணிவீர்களா என்று கேட்டார். என் கணவர் சன்னலில் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லியிருந்தால் இல்லை. தவறாகச் சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் பொய்யர்.

எனக்கு ஊகித்துப் பழக்கமில்லை. இல்லை, இன்று காலையிலிருந்துதான் என்றேன். இது என் நாத்தனாருடையது. எங்கள் கல்யாணத்தை நீங்கள் நம்பமாட்டீர்களோ என்ற பயத்தில் போட்டுக்கொண்டேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. வெகுநேரம் தட்டச்சு செய்தார். பிறகு என் கணவரைக் கையசைத்து அழைத்து, பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, விசா அனுமதிக்கப்பட்டது என்றார். எனக்கு அந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில்தான் அவர் என் கழுத்தைக் கவனித்தார்.

"இது எப்போ?"

சொன்னேன்.

"நான் கவனிக்கவே இல்லே. போட்டோல ஏன் இல்லேன்னு அவங்க கேட்டாங்க. மொதல் கல்யாணத்துல கட்டினதைக் கழட்டறதுக்கு நீ பட்ட பாட்டைச் சொன்னேன். இன்னொண்ணு வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சோம்னு சொன்னேன். சரிதானே?"

சரிதான் என்றேன்.

லோணாவளா மலைச்சாலை ஏறும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அந்தம்மா டைப் அடிச்சிட்டிருந்தாங்க இல்லே, அப்போ ரிஜெக்ட் பண்ணிட்டா நல்லதுன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. இந்த வயசுல அங்க போய் எவன்கிட்டயாவது வேலை கேட்டு நிக்கணும். பாஷை தெரியும், ஆனா மனுஷங்க தெரியாது. முன்னாடியே சொன்னா நீ பேப்பரை நிறுத்திடுவே. அதான் சொல்லலே."

லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் வேலையை விட்டு, அக்காவை விட்டு, எனக்காக மட்டும் வருகிறார். அது நிச்சயமாகத் தெரிந்ததும் எனக்குக் காலையைவிட அதிகமாகப் பயம் வந்தது; அங்கே அவருக்கு ஒத்து வராவிட்டால் அதற்குப் பொறுப்பு நான்.

"ஒத்து வரலைன்னா அன்னிக்கே சொல்லோணும். மனசுல வச்சுக்கக் கூடாது. ரெண்டு பேருமே திரும்பி வந்துரலாம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கு அது போதவில்லை. ஒத்து வராவிட்டால் சொல்வேன் என்று வாயைத் திறந்து சொல்லச் சொன்னேன்.