லோகநாதன் காட்டிய மலை

வடசென்னை காலடிப்பேட்டையில் லோகநாதனைப் பற்றி விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ட்ரெய்லர் லாரியை ரிவர்ஸ் எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒன்று. பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிற மனுஷன் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, அவர் மனைவி அன்புக்கரசியேதான்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியூர் லோடுதான் ஓட்டினார். துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றினால் ஓசூர், பெங்களூரு, சில சமயம் அதற்கும் மேலே. பொங்கலும் ரோட்டில், தீபாவளியும் ரோட்டில். மகள் எழில்மொழி பிறந்த சேதியைக்கூட ஏதோ ஒரு டோல்கேட்டில் நின்றுதான் கேட்டார். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இனிமே வெளியூரு போவல மே. கன்டெய்னர் யார்டுக்கும் ஆர்பருக்கும் மட்டும்தான். ஓனராண்ட சொல்ட்டேன். மீதி காலத்துக்காவது உன் மூஞ்சப் பாத்துகினு கெடக்கறேன்" என்றார். தண்ணீர் லாரி வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் அன்புக்கரசி இதைச் சொல்லித் தீர்த்தாள். பக்கத்து வீட்டு ஷாலு, "உங்க வூட்டுக்காரரு மாதிரி எனுக்கும் ஒண்ணு புடிச்சுக் குடுக்கா" என்றபோது பூரித்துப் போனாள். யாருக்குத்தான் மனசு பூரிக்காது?

ஒரு வாக்கு மட்டும் பாக்கி இருந்தது. எப்போதோ வாணியம்பாடி பக்கத்தில் லாரி அச்சு முறிந்து, சாமான் வரும்வரை சும்மா கிடந்த நாளில், லோகநாதன் பஸ் பிடித்து ஏலகிரி ஏறிப் பார்த்திருக்கிறார். "ஒரு வளைவாண்ட நின்னா கீழ நம்ம ரோடு கயிறு மாதிரி கெடக்குது. லாரிங்க எறும்பாட்டம் போவுது. உன்ன ஒருநாள் இட்டுகினு போய்க் காட்றேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததில் மகளுக்குக் கல்யாணம் முடிந்து அவள் மீஞ்சூருக்குப் போயும் விட்டாள். கடைசியில் இந்தத் தை மாதம், ஒரு சனிக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்தார்கள்.

வழி நெடுக அவர் இடது ஓரமாக, ஏதாவதொரு லாரியின் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் முந்திக்கொண்டு போனார்கள். "இன்னா மாமா, மாட்டு வண்டி கணக்கா ஓட்ற?" என்று அவள் கேட்டாள். "லோடா கீது? இன்னா அவசரம்" என்றார். ஆம்பூரில் பிரியாணி தின்றார்கள். மலை ஏறும்போது ஒரு டூரிஸ்ட் வேன் முன்னால் அகப்பட்டது. அது வளைந்தால் வளைந்தார், நின்றால் நின்றார். மேலே போனதும் வேன் ஒரு லாட்ஜின் கேட்டுக்குள் திரும்ப, இவரும் அதன் வாலைப் பிடித்தபடி உள்ளே போய் நின்றார். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

அன்புக்கரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எண்ணூர் ரோட்டில் துறைமுக கேட் வரை ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் இருக்கிற வண்டியின் சிவப்பு விளக்கு நகர்ந்தால் நகர வேண்டும், அவ்வளவுதான் வேலை. "ஆர்பர் க்யூன்னு நென்சிக்கினியா மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வளைவுக்குக் கூட்டிப்போனார். அவள் கையைப் பிடித்து, தடுப்புச் சுவர் ஓரமாக நிறுத்தி, "பாத்தியாமே!" என்றார்.

எதிரே ஒன்றுமே இல்லை. பனி. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மரம்கூடத் தெரியாத அளவுக்கு வெள்ளை வெளேரென்ற பனி. அவர் கையை நீட்டினார். "அதோ, லெஃப்டு கைல ரயில் ரோடு. இப்புடி வந்தீன்னா நம்ம ரோடு. போவுது பாரு லாரி, வரிசையா. நான் சொன்னப்ப நம்பலியே நீ."

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட பெருமை அந்த முகம் முழுக்க இருந்தது. குளிருகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. பனி மூடியிருக்கிறது என்பது தெரியவில்லை. எப்போதும் பனிக்குள்ளேயே இருக்கிற கண்ணுக்கு இன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம் தெரியும்?

லாரியின் வாலைப் பிடித்து வந்ததும், லாட்ஜுக்குள் நுழைந்ததும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியூர் லோடை விட்டது எதற்கு என்பதும் புரிந்தது. புருஷனுக்குக் கண் போய்விட்டதே என்றுதானே முதலில் அழுகை வரவேண்டும்? அவளுக்கு, அப்படியென்றால் லோடை விட்டது எனக்காக இல்லையா, என்றுதான் முதலில் வந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. வாயைத் துடைப்பதுபோல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆமா மாமா, ஷோக்கா கீது" என்றாள்.

பனி விலகியபிறகு இறங்கினார்கள். அவர் தோளை இறுக்கிப் பிடித்தபடி அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். "ரைட்டுல வளையுது. மெதுவா. பஸ்ஸு வருது, நில்லு." ஏன் சொல்கிறாய் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அடிவாரத்து டீக்கடையில்தான் வாயைத் திறந்தார்.

"சக்கரை நோவு. கண்ணு நரம்பத் துன்னுட்ச்சாம். போனது திரும்ப வராதுன்னு டாக்டரு சொல்ட்டாரு."

"இத வெச்சிகினு லாரி ஓட்டிகினு கீற."

"நம்ம ரோடு எனுக்கு மனப்பாடம் மே. கண்ணக் கட்டி உட்டாலும் ஓட்டுவேன்."

"குறுக்க வர்ற ஆளுங்களும் மனப்பாடமா மாமா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "வேற எந்தத் தொழிலும் எனுக்குத் தெரியாது. வண்டிய புடுங்கிட்டா நான் செத்தேன். யாராண்டயும் சொல்லிடாத" என்றார். அவள் எழுந்து டீக்குக் காசு கொடுத்தாள். பைக்கை ஜோலார்பேட்டை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்றாள். மறுபேச்சு பேசாமல் வந்தார். அந்த அடக்கத்தைப் பார்த்து, லாரியையும் விட்டுவிடுவார் என்று நம்பினாள், பைத்தியக்காரி. திங்கட்கிழமை காலை காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்றேன் மே" என்று கிளம்பிவிட்டார்.

அவர் தெரு திரும்பும்வரை வாசலில் நின்றாள். வெள்ளைச் சட்டையும் தோளில் பையுமாகப் பிள்ளைகள் பெரிய ரோட்டைக் கடக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில்தான் அவர் நாற்பதடிக் கன்டெய்னரை இழுத்துக்கொண்டு வருவார். அவள் கதவைப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனாள். கண் விஷயத்தை அவள் சொன்னதும் ஓனர் அம்புரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் பேரு வெளிய வராது, போம்மா" என்றார்.

மத்தியானத்துக்குள் லோகநாதன் வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டைகூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "சாவிய வாங்கிட்டாரு மே. கண்ணு டெஸ்ட்டு எடுத்துகினு வான்றாரு. எவனோ போட்டுக் குடுத்துட்டான். பீம்ராவுதான். க்யூல எனுக்குப் பின்னாடி வர்றது அவன்தான். சாயந்தரம் வரட்டும், சட்டையப் புடிச்சி நாலு சாத்து சாத்தறேன்."

அவள் சும்மா இருந்திருக்கலாம். அம்புரோஸ் சொல்லமாட்டார். பீம்ராவ் எவ்வளவு சத்தியம் செய்தாலும் இவர் நம்பப் போவதில்லை. அன்புக்கரசி கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பீம்ராவு இல்ல மாமா. நான்தான் போய் சொன்னேன்."

குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"வேற எவன் சொல்லியிருந்தாலும் சட்டையப் புடிச்சிருப்பேன்," என்றார். "நீ சொல்லிட்டியேமே. நான் யாரு சட்டையப் புடிப்பேன்?"

அதைச் சொன்னபிறகுதான் அவர் அழுதார். அவளும் அழுதாள். தான் செய்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.