சந்தனம் பூசிய டார்ச்லைட்

ஒரு சின்னப் பிள்ளையின் பயத்துக்கு எத்தனை லூமன் வெளிச்சம் போதும்? டார்ச்லைட் பெட்டிகளில் வெளிச்சத்தை லூமன் கணக்கில்தான் போடுகிறார்கள். நானும் இணையத்தில் எவ்வளவோ படித்துப் பார்த்துவிட்டேன். இதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

என் மகளுக்கு நான்கு வயது. செந்தூலில் எங்கள் பிளாட்டில் ஒருநாள் கரண்ட் போனபோது, மூச்சு முட்ட அழுது வாந்தி எடுத்துவிட்டாள். என் கைப்பேசியின் வெளிச்சம் அவளுக்குப் போதவில்லை. சற்று நேரத்தில் அதுவும் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. நல்ல எல்இடி டார்ச் ஒன்று வாங்குவதென்று அன்றே முடிவு செய்தேன். விழுந்தால் உடையக் கூடாது, நனைந்தால் கெடக் கூடாது, வாரக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கக் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஹார்ட்வேர் கடையில் உள்ளங்கை நீளத்தில் ஒன்று பிடித்திருந்தது. அலுமினிய உடம்பு, கனமாக இருந்தது. கடைக்காரர் அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் விட்டு எரியவைத்தார். பெட்டியின் பொத்தல்கள் வழியாகவெல்லாம் வெளிச்சம் பீறிட்டது.

"என்ன அக்கா, குகைக்குள்ள போறீங்களா?"

"இல்ல அண்ணே. பிள்ளை இருட்டுல பயந்து அழுவுது."

"அதுக்கு இதுவா? இத அடிச்சா எதிர் புளோக் பிள்ளையும் முழிச்சிக்கும் லா."

கீழே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"போடுங்க. உடைஞ்சா நீங்க வாங்குனது, உடையலன்னா நான் வித்தது."

போட எனக்கு மனம் வரவில்லை. அவரே போட்டார். அது எரிந்துகொண்டே உருண்டு, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு அடியில் போய் நின்றது. எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினார். அங்கும் எரிந்தது. வாங்கிவிட்டேன். ரயிலில் வரும்போதே அடுத்த கவலை தொடங்கியது: இவ்வளவு வெள்ளை வெளிச்சம் பிள்ளையின் கண்ணைக் கூசாதா? இருட்டுக்குப் பயப்படுகிறவள் இதற்கும் பயந்துவிட்டால்?

அதைப் பிரித்து அவளுக்குக் காட்டுவதற்குள் ஆயுத பூஜை வந்தது. கிள்ளானில் மாமனார் வீட்டுக்குப் போனோம். அவர் லோரி ஓட்டுகிறவர். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். ஸ்பேனர், என் கணவரின் லேப்டாப், மகளின் கலர் பென்சில் எல்லாம் சாமி மேடைக்குப் போயின. கைப்பேசிகளையும் கேட்டார். "நாள் முழுக்க இததானே புடிச்சிக்கிட்டு இருக்கீங்க? அப்ப இதுதான் உங்க ஆயுதம்."

கையோடு கொண்டுபோயிருந்த டார்ச்சையும் நான் முகம் மேலே பார்க்க நிறுத்திவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பது என் வேலை. ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்ற பதற்றத்தில் டார்ச்சின் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டேன்.

பூஜை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது மழை கொட்டியது. பொழுது சாய்ந்து இருட்டியிருந்தது. கரண்ட் போனது. ஜன்னல் வழியே அடித்த காற்றில் சாமி விளக்கும் அணைந்தது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"மாமா, டார்ச்ச எடுக்கட்டுமா?"

"சாமிக்கு வச்சத எப்படிம்மா எடுக்கறது? தீப்பெட்டி எங்க?"

"அப்பா, ஃபோனையாவது எடுக்கலாம்ல?" என்றார் என் கணவர்.

"உனக்கு அதே நெனப்பு."

தீப்பெட்டி யாருக்கும் அகப்படவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தடவித் தடவி மேடைக்குப் போனேன். எடுக்கலாமா, கூடாதா? எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே பொத்தானை அமுக்கினேன்.

கண்ணைக் கூசும் என்று நான் பயந்த வெள்ளை வெளிச்சம் சந்தனத்தைத் தாண்டி இளமஞ்சளாக வந்தது. கூரையில் பெரிய வட்டம், நடுவில் கலங்கலாக ஒரு சிவப்பு.

மகளின் அலறல் பாதியில் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, வீடு பொட்டு வச்சிருக்கு."

"எடுத்துட்டியாம்மா?" மாமனார் குரல் கடுமையாக இருந்தது.

"எடுக்கல மாமா. வச்ச எடத்துலயேதான் நிக்குது."

மாமனார் மேடையை எட்டிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வடை கீழே விழுந்தது. "டேய், உன் பொண்டாட்டி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா."

டார்ச் சூடேறச் சூடேற, வீடெல்லாம் சந்தனம் மணத்தது. தீப்பிடித்துவிடுமோ என்று ஓடிப்போய்ப் பொத்தானை மறுபடி அமுக்கி வெளிச்சத்தைக் குறைத்தேன். மீதிச் சோற்றை அந்த மஞ்சளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கரண்ட் திரும்ப வந்து விளக்குகள் எரிந்தபோது, "லைட்ட அடைங்க" என்று கத்தியது என் மகள்தான்.

இப்போது தினமும் பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்குகளை அவளே அணைத்துவிட்டு டார்ச்சைக் கொண்டுவருகிறாள். கண்ணாடியில் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கிறது, ஓரங்களில் வெடித்து உதிரவும் தொடங்கிவிட்டது. துடைக்கப் போனால் விடுவதில்லை. விட்டுவைத்தால் சூட்டில் கண்ணாடி கெட்டுவிடுமா? கீறல் விழாமல் எடுக்க வழி உண்டா? எடுத்துவிட்டு, அதே மஞ்சள் வர வேறு எதை ஒட்டலாம்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவள் தூங்கும்போது செய்துவிடுகிறேன்.